மறு: ஜாலி: சாளரமா, பலகணியா?

நண்பர்களே, வணக்கம்.

மொகலாயர் கட்டடங்களில் காணும், கல்லில் துளைபோட்டுச் செய்த தடுப்பான 'ஜாலி'க்குத் தமிழில் 'சாளரம்' என்பதா, 'பலகணி' என்பதா என்பதுதான் கேள்வி. 'ஜாலி' என்று அப்படியே எழுதினால் படிப்பவர் உல்லாசம் என்று நினைத்துக்கொள்வார். அதில் நமக்குள் சண்டை இல்லை. ஆனால் போன மாதம் பத்தேபூர் சிக்ரி போய்வந்ததிலிருந்து 'சாளரம்' எனக்கு ஒட்டவே இல்லை.

அக்பர் 1571-இல் எழுப்பத் தொடங்கிய ஊர் அது. செம்மணற்கல் மாளிகைகளைச் சுற்றிவிட்டுப் பள்ளிவாசல் முற்றத்துக்கு வந்தால் வெறுங்காலில் கல் சுடுகிறது. அங்கே சூபி ஞானி சலீம் சிஷ்டியின் வெண்பளிங்கு அடக்கத்தலம். அதன் சுற்றுப்பாதைக்கு வெளிப்பக்கம் முழுக்க ஜாலிதான். பளிங்குப் பலகையை அத்தனை நுணுக்கமாகத் துளைத்திருக்கிறார்கள். வெயில் பொடிப்பொடியாகத் தரையில் விழுகிறது, காற்று தாராளமாக வருகிறது. வேண்டிக்கொண்டவர்கள் கட்டிய நூல்கள் துளைக்குத் துளை தொங்குகின்றன. சுவரில் சாளரம் வைத்தது போல இல்லை. சுவர் இருக்கவேண்டிய இடத்தில் ஜாலியே நிற்கிறது.

தில்லி செங்கோட்டையில் இன்னும் தெளிவு. பேரரசரின் சொந்த மாளிகையான காஸ் மகாலில் தராசு செதுக்கிய பளிங்கு ஜாலி கட்டடத்துக்கு உள்ளேயே, முன்பு நீரோடிய கால்வாய்க்கு மேல் நிற்கிறது. அதைச் சாளரம் என்று எப்படிச் சொல்வது?

'பலகணி' நல்ல சொல். பல கண் உடையது என்ற பொருளே அழகு. ஆனால் இன்று பாதிப்பேர் அதை பால்கனிக்கு எழுதுகிறார்கள், மீட்பது கடினம். சிலப்பதிகாரத்தின் 'மான்கண் காலதர்' எனக்கும் பிடிக்கும், அதுவும் சாளரம்தான்.

என் பரிந்துரை: கண் தட்டி. சல்லடைக்கும் வலைக்கும் துளையைக் கண் என்றுதான் சொல்கிறோம். தட்டி நம் வீட்டுச் சொல். மறைக்கும், காற்றை விடும், பாரம் தாங்காது. ஜாலியின் வேலையும் அதுதானே? பளிங்குக் கண் தட்டி, மணற்கல் கண் தட்டி என்று முன்னால் பொருளைச் சேர்த்துக்கொள்ளலாம். கொத்தனார் சொல்லும் சிமெண்ட் ஜாலிக்கும் பொருந்தும். மூங்கில் தட்டி நினைவு வந்து மொகலாயர் மாளிகையின் கௌரவம் குறைகிறது என்பீர்கள். குறையட்டும், பொருள் புரிகிறதே.

அப்புறம், புணர்ச்சி விதிப்படி 'கட்டட்டி' என்று எழுதவேண்டும் என்று புலவர் யாராவது வருவார். அவரிடம் இப்போதே கேட்டுக்கொள்கிறேன்: பிரித்தே எழுதுவோம், ஐயா.