லைப்ரரி நிறைய டேப் இருந்தும் ஸ்கிராட்ச் இல்லை என்கிறது: பிரைவேட் நிலையில் உள்ள வெற்று டேப்களைப் பாதுகாப்பாக மீட்பது எப்படி?

கேள்வி: கார்முகில்

அனைவருக்கும் வணக்கம். எங்கள் அலுவலகத்தில் ஐபிஎம் ஸ்பெக்ட்ரம் புரொடெக்ட் 8.1 என்ற பேக்கப் மென்பொருள் ஓடும் சர்வரும், ரோபோ கையால் டேப்களை ஏற்றும், நான்கு எல்டிஓ-7 டிரைவ்கள் கொண்ட ஒரு டேப் லைப்ரரியும் உள்ளன. இரவு பேக்கப்பில் பாதி ஏஎன்ஆர்1405டபிள்யூ என்ற செய்தியுடன், அதாவது ஸ்கிராட்ச் டேப் (எதற்கும் ஒதுக்கப்படாத, சர்வர் தானாக எடுத்துக்கொள்ளும் வெற்று டேப்) கிடைக்கவில்லை என்று சொல்லி, நின்றுவிடுகிறது. ஸ்டோரேஜ் பூலின் (பேக்கப் தரவைச் சேர்த்து வைக்கும் டேப் தொகுதியின்) மேக்ஸ்ஸ்கிராட்ச் அளவை, அதாவது அது எடுத்துக்கொள்ளக்கூடிய ஸ்கிராட்ச் டேப்களின் உச்ச எண்ணிக்கையை, பார்த்தேன். அது 400 என்று தாராளமாகவே இருக்கிறது.

டிஎஸ்எம்ஏடிஎம்சி என்ற நிர்வாக ஆணைக் கருவி வழியாக உள்ளே சென்று ‘குவெரி லிப்வால்யூம்’ கொடுத்தால் லைப்ரரிக்குள் 186 டேப்கள் இருப்பதாகவும், அத்தனையும் பிரைவேட் (ஒதுக்கப்பட்டவை) என்றும் காட்டுகிறது. ஆனால் ‘குவெரி வால்யூம்’ பட்டியலோடு ஒப்பிட்டால், அவற்றில் 121 மட்டுமே ஏதாவது ஒரு ஸ்டோரேஜ் பூலைச் சேர்ந்தவை. மீதி 65 டேப்கள் எதற்காக அங்கே உட்கார்ந்திருக்கின்றன என்பது புரியவில்லை. வெளியிடத்தில் வைத்திருக்கும் காப்பி பூல் (இரண்டாம் பிரதி) டேப்களை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. டிஆர்எம் என்ற பேரிடர் மீட்பு வசதியை நாங்கள் பயன்படுத்துவதில்லை. டேப்களைக் கையால்தான் அனுப்பிப் பெறுகிறோம்.

சில மாதங்களுக்கு முன் ரோபோவின் கை பழுதாகி மாற்றப்பட்டது. அப்போது லைப்ரரியைச் சர்வரில் புதிதாக வரையறுத்து, டேப்களை எல்லாம் மீண்டும் செக்கின் செய்தார்கள் (சர்வரின் கணக்கில் சேர்த்தார்கள்) என்று பணிக்குறிப்பில் உள்ளது. நான் பொறுப்பேற்றது அதன் பிறகுதான். புதிய டேப் வாங்குவதற்கான கோரிக்கையை எழுதித் தரும்படி மேலாளர் கேட்கிறார். வாங்குவதற்கு முன், இந்த 65 டேப்களில் உண்மையில் வெற்றாக இருப்பவை எவை என்று எப்படி அறுதியிடுவது? ஒன்றை மட்டும் ‘அப்டேட் லிப்வால்யூம்’ ஆணையால் ஸ்கிராட்ச் ஆக்கிப் பார்த்தேன், மறுப்பின்றி ஏற்றுக்கொண்டது. எல்லாவற்றுக்கும் அதையே செய்யலாமா?

பதில்: இரவுப்பணி

கோரிக்கையை இப்போதைக்கு எழுத வேண்டாம். முதலில் ‘ஆடிட் லைப்ரரி’ ஆணையை செக்லேபிள்=பார்கோட் என்ற தெரிவோடு ஓட்டிப் பாருங்கள். டிரைவ்களில் டேப் ஏதும் ஏற்றப்பட்டிருந்தால் அது காத்துக்கொண்டே நிற்கும். எனவே ‘குவெரி மவுண்ட்’ பார்த்து, சும்மா இருப்பவற்றை டிஸ்மவுண்ட் செய்துவிட்டுத் தொடங்குங்கள். கணக்கில் இருந்து உள்ளே இல்லாத டேப்களை அது நீக்கிவிடும். உள்ளே இருந்து கணக்கில் இல்லாதவற்றை அது சேர்க்காது. அதற்கு செக்கின்தான் வேண்டும்.

பதில்: பழைய காந்தம்

உங்கள் பணிக்குறிப்பில் உள்ள அந்த ஒரு வரியிலேயே காரணம் இருக்கிறது என்று நினைக்கிறேன். லைப்ரரியைப் புதிதாக வரையறுத்த பின் டேப்களைச் செக்கின் செய்வதற்கு ஒரு வரிசை உண்டு: முதல் சுற்றில் சர்ச்=யெஸ், ஸ்டேட்டஸ்=ஸ்கிராட்ச் என்று கொடுக்க வேண்டும்; அந்தச் சுற்று முடிந்த பிறகே ஸ்டேட்டஸ்=பிரைவேட் என்று இரண்டாம் சுற்று. கேட்பதற்கு இது தலைகீழாகத் தோன்றும். தரவு உள்ள டேப்பையும் ஸ்கிராட்ச் என்று சேர்த்துவிட்டால் என்ன ஆவது என்ற அச்சத்தில் பலரும் பிரைவேட்டை முதலில் கொடுத்துவிடுகிறார்கள். உண்மையில், ஒரு டேப் ஏதாவது ஸ்டோரேஜ் பூலிலோ வால்யூம் வரலாற்றிலோ (வால்ஹிஸ்டரி, டேப் பயன்பாட்டைச் சர்வர் குறித்துவைக்கும் பதிவு) பதிவாகியிருந்தால், அதை ஸ்கிராட்ச் ஆக்க முடியாது என்று ஏஎன்ஆர்8443இ செய்தியுடன் சர்வரே மறுத்துவிடும். ஆகவே முதல் சுற்றில் வெற்று டேப்கள் மட்டும் ஸ்கிராட்ச் ஆகச் சேரும். மறுக்கப்பட்டவை இரண்டாம் சுற்றில் பிரைவேட் ஆகும். வரிசையை மாற்றிவிட்டால் வெற்று டேப்களும் பிரைவேட் என்ற முத்திரையோடு உள்ளே வந்துவிடும். பிரைவேட் டேப்பைச் சர்வர் தானாக எடுத்துப் பயன்படுத்தவே செய்யாது.

இதே காவல் ‘அப்டேட் லிப்வால்யூம்’ ஆணைக்கும் உண்டு. செக்கின் செய்யும்போது தவறான நிலையைக் கொடுத்துவிட்டால் திருத்துவதற்காகவே அந்த ஆணை அப்படி அமைந்திருக்கிறது. எனவே நீங்கள் மாற்றிய அந்த ஒரு டேப்பைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. ஆனால் அந்தக் காவலுக்குத் தெரிந்தது இந்தச் சர்வரின் தரவுத்தளம் மட்டுமே என்பதை மறந்துவிடக் கூடாது. இதே லைப்ரரியை வேறொரு சர்வர் தனியாகப் பயன்படுத்தினாலோ, தரவுத்தளம் இடையில் பழைய நாளுக்கு மீட்கப்பட்டிருந்தாலோ, அதற்குத் தெரியாத தரவு டேப்பில் இருக்கக்கூடும்.

ஆகவே நான் செய்வது இதுதான். முதலில் தரவுத்தளத்துக்கு ‘பேக்கப் டிபி’, அதன்பின் வால்யூம் வரலாற்றுக்கு ‘பேக்கப் வால்ஹிஸ்டரி’. பிறகு ஒரு செலக்ட் ஆணை: லிப்வால்யூம்ஸ் அட்டவணையில் நிலை பிரைவேட் என்று இருந்து, வால்யூம்ஸ் அட்டவணையில் பெயர் இல்லாமலும், வால்ஹிஸ்டரி அட்டவணையில் பேக்கப்ஃபுல், பேக்கப்இன்க்ர், டிபிஸ்னாப்ஷாட் வகைகளில் பெயர் இல்லாமலும் இருப்பவற்றை எடுக்க வேண்டும். டேப் பெயரை மட்டும் எடுக்காமல், அதன் முன்னும் பின்னும் அப்டேட் ஆணையின் சொற்களை ஒட்டி, ஒவ்வொரு வரியும் முழு ஆணையாகவே வெளிவரும்படி எழுதினால், டிஎஸ்எம்ஏடிஎம்சியை டேட்டாஒன்லி=யெஸ் என்ற தெரிவோடு அழைத்து அந்த வெளியீட்டை ஒரு கோப்பில் போட்டுக்கொள்ளலாம். அந்தக் கோப்பைக் கண்ணால் ஒருமுறை படித்துவிட்டு, ‘மேக்ரோ’ ஆணையால் ஓட்டலாம். படிக்காமல் நேராகக் குழாயில் செலுத்தும் பழக்கம் டேப் விஷயத்தில் வேண்டாம். கடவுச்சொல்லை ஆணை வரியிலேயே எழுதினால் அது ஷெல் வரலாற்றில் அப்படியே தங்கிவிடும் என்பதையும் கவனியுங்கள்.

இந்த மென்பொருள் 1993-இல் ஏடிஎஸ்எம் என்று வந்து, 1999-இல் டிவோலி ஆகி, 2015-இல் ஸ்பெக்ட்ரம் ஆனது. ஆணைகள் பெரும்பாலும் மாறவில்லை. யாரிடமாவது பழைய குறிப்பேடு இருந்தால் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பதில்: வெண்சுருள்

மேலே உள்ள நண்பர் சொன்னதில் காரணமும் முறையும் சரி. ஆனால் அந்தச் செலக்ட் ஆணையின் வடிகட்டியை நான் அப்படியே ஓட்டமாட்டேன்.

வால்ஹிஸ்டரி அட்டவணையில் எஸ்டிஜிநியூ, எஸ்டிஜிரீயூஸ், எஸ்டிஜிடெலீட் என்று மூன்று வகை வரிகள் உண்டு. ஸ்டோரேஜ் பூலுக்குள் ஒரு டேப் வந்தது, மீண்டும் பயன்பட்டது, நீங்கியது என்பதற்கான வெறும் வரலாறு அவை. வகையே குறிப்பிடாமல் அந்த அட்டவணை முழுவதோடும் ஒப்பிட்டால், என்றோ ஒரு நாள் பயன்பட்ட டேப் எல்லாம் பட்டியலிலிருந்து விலகிவிடும்; கையில் எதுவுமே மிஞ்சாது. அதனால்தான் பலரும் வகையைக் குறிப்பிட்டு எழுதுகிறார்கள். அப்படி எழுதும்போது தரவுத்தள பேக்கப்பின் மூன்று வகைகளும் நினைவுக்கு வரும். பேக்கப்செட், எக்ஸ்போர்ட், ரிமோட் ஆகியவை விட்டுப்போகும். பேக்கப்செட்டும் (ஒரு கணினியின் தனிப் பேக்கப் தொகுப்பு) எக்ஸ்போர்ட்டும் (சர்வரிலிருந்து வெளியே எடுத்த தரவு) எந்த ஸ்டோரேஜ் பூலிலும் இல்லாதவை. வால்ஹிஸ்டரி வரி ஒன்றே அவற்றுக்குச் சான்று. ரிமோட் என்பது இதைவிட நுட்பமானது: உங்கள் சர்வர் லைப்ரரி மேலாளராக இருந்து மற்றொரு சர்வர் அதன் வழியாக டேப்களைப் பயன்படுத்தினால், அந்த டேப்களின் உள்ளடக்கம் உங்கள் வால்யூம்ஸ் அட்டவணையில் ஒரு வரிகூட இருக்காது. வால்ஹிஸ்டரியின் ரிமோட் வரி மட்டுமே இருக்கும்.

எனவே எந்த வகைகளைக் காக்க வேண்டும் என்று பட்டியலிடுவதை விட, மேற்சொன்ன மூன்று வரலாற்று வகைகளை மட்டும் ஒதுக்கிவிட்டு மற்ற எல்லா வரிகளோடும் ஒப்பிடுவது நல்லது. நாளை புதிய வகை ஒன்று வந்தாலும் அந்த எழுத்து காப்பின் பக்கமே சாயும். சர்வரின் காவல் இருக்கத்தானே செய்கிறது என்று கேட்கலாம். இருக்கட்டும், நாம் படித்துப் பார்க்கும் பட்டியலில் தவறான டேப் இருந்தால் அந்தப் பட்டியலைப் படிப்பதற்கே பொருள் இல்லை.

‘குவெரி லிப்வால்யூம்’ வெளியீட்டில் உரிமையாளர் என்ற நிரலையும், கடைசிப் பயன்பாடு என்ற நிரலையும் பாருங்கள். பூலைச் சேர்ந்த டேப்பில் டேட்டா என்றும், தரவுத்தள பேக்கப் டேப்பில் டிபிபேக்கப் என்றும் இருக்கும். வெற்றாக இருந்தால் அது ஒரு குறிப்பு மட்டுமே, முடிவு அல்ல.

கார்முகில்

இருவருக்கும் மிக்க நன்றி. வெண்சுருள் சொன்ன வடிவில் செலக்ட் ஆணையை எழுதி ஓட்டினேன். 65 டேப்களும் இப்போது மூன்று கூட்டங்களாகப் பிரிந்து தெரிகின்றன. 18 டேப்கள் எதிலும் இல்லை. அவற்றின் ஆணைக் கோப்பைப் படித்துவிட்டு மேக்ரோவாக ஓட்டியதில் எல்லாமே ஸ்கிராட்ச் ஆகிவிட்டன. 38 டேப்கள் பழைய தரவுத்தள பேக்கப்புகள்; வாரம் ஒரு முழு பேக்கப் டேப்புக்குப் போகிறது, பழையதை யாரும் நீக்கியதே இல்லை போலிருக்கிறது. மீதி 9 டேப்கள் ரிமோட் என்று உள்ளன. உரிமையாளர் நிரலில் காட்டும் சர்வர் சென்ற ஆண்டே நிறுத்தப்பட்டுவிட்டது. இவை இரண்டையும் என்ன செய்வது?

பதில்: பழைய காந்தம்

ரிமோட் வகையை நான் எழுதாமல் விட்டதை வெண்சுருள் சுட்டியது உங்களுக்கு உடனே பயன்பட்டதில் மகிழ்ச்சி.

தரவுத்தள பேக்கப் டேப்களுக்கு வருகிறேன். ஒவ்வொரு தரவுத்தள பேக்கப்பும் தனக்கென்று புதிய டேப் ஒன்றை எடுக்கும். முந்தைய பேக்கப்பின் பின்னால் தொடர்ந்து எழுதாது. உங்கள் தரவுத்தளம் சில நூறு ஜிகாபைட் மட்டுமே இருந்தாலும், சுருக்கம் இல்லாமலே 6 டெராபைட் கொள்ளும் எல்டிஓ-7 டேப் ஒன்று அதற்குப் போய்விடும். டிஆர்எம் இல்லாத இடத்தில் ‘டெலீட் வால்ஹிஸ்டரி’ ஆணையை டைப்=டிபிபி, டுடேட்=டுடே-14 என்று கொடுத்தால் இரண்டு வாரத்துக்கு முற்பட்டவை நீங்கும். மிக அண்மைத் தொடரை அந்த ஆணை தொடாது. நீக்கிய பின் அவை ஸ்கிராட்ச் ஆகத் திரும்பினவா என்று பாருங்கள். திரும்பாதவற்றுக்கு அதே அப்டேட் ஆணை. டிஆர்எம் வைத்திருப்பவர்கள் இந்த ஆணையைப் பயன்படுத்தக் கூடாது. அவர்கள் ‘செட் டிஆர்எம்டிபிபேக்கப்எக்ஸ்பையர்டேஸ்’ என்பதன் வழியாகவே நாட்களைக் குறிக்க வேண்டும்.

இதைச் செய்வதற்கு முன் ‘குவெரி எஸ்டிஜிபூல்’ ஆணையை ஃபார்மட்=டீடெய்ல்டு என்று கொடுத்து ரீயூஸ்டிலே (காலியான டேப்பை மீண்டும் பயன்படுத்தும் முன் காத்திருக்கும் நாட்கள்) மதிப்பைப் பாருங்கள். யாரும் மாற்றாமல் விட்டிருந்தால் அது 0 ஆக இருக்கும். அப்படியானால் ஒரு டேப்பில் உள்ள தரவு காலாவதியான உடனேயே அது ஸ்கிராட்ச் ஆகிவிடும். பத்து நாள் பழைய தரவுத்தளத்தை மீட்க நேர்ந்தால், அந்தத் தரவுத்தளம் இன்ன கோப்பு இன்ன டேப்பில் இருக்கிறது என்று உறுதியாகச் சொல்லும். அந்த டேப்பில் அதற்குள் வேறு தரவு எழுதப்பட்டிருக்கும். தரவுத்தள பேக்கப்பை எத்தனை நாள் வைக்கிறீர்களோ, ரீயூஸ்டிலே அதற்குக் குறையாமல் இருக்க வேண்டும். 14 நாள் என்றால் 15 என்று வையுங்கள். இதனால் சில டேப்கள் கொஞ்ச நாள் பெண்டிங் (காத்திருப்பு) நிலையில் நிற்கும். அது வீண் அல்ல. வாரம் ஒரு முறைதான் தரவுத்தள பேக்கப் எடுக்கிறீர்கள் என்பதும் எனக்கு நெருடுகிறது. நாள்தோறும் எடுப்பதே முறை. டேப் வீணாகிறது என்றால் வேறொரு கணினியின் வட்டில் ஃபைல் வகை டிவைஸ் கிளாஸ் (சேமிப்பிட வரையறை) ஒன்றை வரையறுத்து அதற்கு அனுப்புங்கள்.

பதில்: வெண்சுருள்

ரிமோட் டேப்களைப் பற்றி. அந்தச் சர்வர் உயிரோடு இருந்தால், அதன் பக்கத்திலிருந்தே ‘ஆடிட் லைப்ரரி’ ஓட்டினால் இரு பக்கக் கணக்கும் ஒத்துப்போய்விடும். அது இல்லை என்பதால், ‘டெலீட் வால்ஹிஸ்டரி’ ஆணையை டைப்=ரிமோட், டுடேட்=டுடே, வால்யூம்=டேப்பின் பெயர், ஃபோர்ஸ்=யெஸ் என்று ஒவ்வொரு டேப்புக்கும் தனித்தனியாகக் கொடுக்க வேண்டியிருக்கும்.

ஆணை எளிது, ஆனால் கொடுக்கும் முடிவு உங்களுடையது அல்ல. நிறுத்தப்பட்ட சர்வரின் தரவுத்தள பேக்கப் எங்காவது இருக்கிறதா, அதில் இருந்த தரவை இத்தனை ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்ற தணிக்கை விதி எதுவும் உண்டா என்பதைத் தரவுக்கு உரிமையுள்ள துறையிடம் எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். அந்தத் தரவுத்தளம் அழிந்துவிட்டிருந்தால் டேப்களில் உள்ளவை பெரும்பாலும் பயனற்றவையே. அப்போதும் எழுத்து வேண்டும். பதில் வரும்வரை அவற்றை ‘செக்அவுட் லிப்வால்யூம்’ செய்து வெளியே எடுத்து, உறையில் பெயரிட்டு அலமாரியில் வைத்தால் ஸ்லாட்டாவது மிஞ்சும்.

இவ்வளவுக்குப் பிறகும் டேப் போதவில்லை என்றால் ஸ்டோரேஜ் பூலின் கோலொகேஷனை, அதாவது ஒரு கிளையன்ட்டின் (பேக்கப் எடுக்கப்படும் கணினியின்) தரவைச் சேர்த்து வைக்கும் அமைப்பை, பாருங்கள். கோலொகேட்=நோட் என்று இருந்தால் ஒவ்வொரு கிளையன்ட்டும் தனக்கென்று ஒரு டேப்பைத் திறந்து வைத்துக்கொள்ளும்; ‘குவெரி வால்யூம்’ பட்டியலில் ஃபில்லிங் நிலையில் 2, 3 சதவீதம் நிரம்பிய டேப்கள் வரிசையாகத் தெரிந்தால் இதுதான் காரணம். சிறிய கிளையன்ட்களைக் குழுக்களாக்கி, கோலொகேட்=குரூப் என்று மாற்றிவிட்டு, பழைய டேப்களை ‘மூவ் டேட்டா’ ஆணையால் ஒவ்வொன்றாகக் காலி செய்யலாம். முழுதாக நிரம்பி, இப்போது இடையிடையே தரவு காலாவதியாகி ஓட்டை விழுந்திருக்கும் டேப்களுக்கு ‘ரிக்ளைம் எஸ்டிஜிபூல்’ ஆணையை த்ரெஷோல்ட்=60, டியூரேஷன்=240 என்று பகலில் ஓட்டுங்கள்; 240 என்பது நிமிடக் கணக்கு. அதற்கு இரண்டு டிரைவ்கள் வேண்டும்; உங்களிடம் நான்கு இருப்பதால் ரீஸ்டோர் கேட்பவருக்கும் இடம் இருக்கும்.

பதில்: இரவுப்பணி

என்றாவது புதிய டேப் வாங்க நேர்ந்தால் எல்7 என்று முடியும் பார்கோடு உள்ளவற்றையே கேளுங்கள். எல்டிஓ-8 டேப்பை உங்கள் டிரைவ் ஏற்காது. வந்தவற்றை ‘லேபிள் லிப்வால்யூம்’ ஆணையில் லேபிள்சோர்ஸ்=பார்கோட், செக்கின்=ஸ்கிராட்ச் என்று கொடுத்துச் சேர்க்கலாம். ஓவர்ரைட்=யெஸ் என்பதை எழுதவே எழுதாதீர்கள்.

கார்முகில்

ரீயூஸ்டிலே 0 ஆகத்தான் இருந்தது. 15 ஆக மாற்றிய பிறகே தரவுத்தள பேக்கப்புகளை நீக்கினேன். அண்மையவை இரண்டு போக மீதி 36 டேப்களும் ஸ்கிராட்ச் ஆகிவிட்டன. நாள்தோறும் தரவுத்தள பேக்கப்பை வட்டுக்கு எடுக்கும் அட்டவணையும் போட்டாயிற்று. 9 டேப்களையும் செக்அவுட் செய்து, உரிய துறைக்கு மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறேன். கோலொகேஷன், நீங்கள் ஊகித்தபடியே, நோட் என்றுதான் இருக்கிறது. குழு பிரிப்பதைப் பற்றிக் கிளையன்ட் பட்டியலோடு தனி இழையில் கேட்கிறேன்.