கேன்சர் இல்லை என்றார்கள், ஆனால் திரும்ப வந்தது: தாடைக் கட்டி அனுபவங்கள்

முகத்தாடை அறுவை மருத்துவர்:

"சாதாரணக் கட்டிதானே டாக்டர், எடுத்தாச்சே, அப்புறம் எதுக்கு வருஷா வருஷம் எக்ஸ்ரே?" அமீலோபிளாஸ்டோமா என்கிற, பல் உருவாக்கும் திசுவிலிருந்து வளரும் தாடைக் கட்டி வந்தவர்கள் பெரும்பாலும் இதைக் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். பயாப்ஸியில் கேன்சர் இல்லை என்றுதான் வரும். வலி பெரும்பாலும் இருக்காது. கீழ்த்தாடையில் கடைவாய்ப்பல் பக்கம் மெல்ல வீங்கும், பல் ஆடும், அவ்வளவுதான். ஆனால் எக்ஸ்ரேயில் தெரிகிற ஓரத்தையும் தாண்டி எலும்பின் உள்துளைகளில் அது புகுந்திருக்கும். சுரண்டி மட்டும் எடுத்தால் அந்த மிச்சம் மறுபடி வளரும். அதனால்தான் சுற்றியுள்ள நல்ல எலும்பையும் 1 முதல் 2 செ.மீ. வரை சேர்த்து வெட்டுகிறோம்.

என்னிடம் வந்த ஒரு அம்மா இளவயதில் வேறிடத்தில் சுரண்டி எடுத்துக்கொண்டவர். பேரன் பிறந்த பிறகு அதே பக்கம் வீக்கம். பல்செட் இறுக்குகிறது என்று கழற்றி டப்பாவில் போட்டுவிட்டு, மாதக்கணக்கில் கஞ்சியில் ஓட்டியிருக்கிறார். ஓபிஜி, அதாவது முழுத் தாடைக்குமான எக்ஸ்ரே, எடுத்தால் சோப்பு நுரை போலக் குமிழ் குமிழாக இருந்தது. அந்தப் பகுதித் தாடையையே எடுத்து, காலிலிருந்து ஃபிபுலா எலும்பை வைத்துக் கட்ட வேண்டியதாயிற்று. ஒட்டிய எலும்பிலேயே திரும்ப வந்த கதைகளும் மருத்துவ இதழ்களில் உண்டு. அபூர்வமாக நுரையீரலுக்கும் போகும். அங்கேயும் மைக்ராஸ்கோப்பில் சாதுவாகவே இருக்கும். 2017 உலக சுகாதார நிறுவன வகைப்பாட்டில் அதையும் கேன்சர் அல்லாத பட்டியலில்தான் வைத்தார்கள். நோயாளிக்கு இதை எப்படிப் புரியவைப்பது, சொல்லுங்கள்!

நோயாளியின் தம்பி:

எங்கள் அக்காவுக்கு நடந்தது வேறு மாதிரி. தாடையில் கட்டி, 'ஜெயன்ட் செல்' (ராட்சத செல்கள் நிறைந்த கட்டி) என்று ரிப்போர்ட். எடுத்தார்கள். தையல் ஆறி முடிவதற்குள் பக்கத்தில் இன்னொன்று. அடுத்துப் பார்த்த டாக்டர் வாயைக்கூடத் திறக்கச் சொல்லாமல், "கிட்னியில் கல் வந்திருக்கா?" என்றார். எனக்கு எரிச்சல்தான் வந்தது. ஆனால் அக்காவுக்குக் கல் வந்திருந்தது. ரத்தத்தில் கால்சியம், பாராதைராய்டு ஹார்மோன் இரண்டுமே எகிறியிருந்தன. கழுத்தில் பாராதைராய்டு சுரப்பி ஒன்று பெருத்திருந்ததாம். அதை எடுத்தபின், தாடையில் கைவைக்காமலேயே இரண்டாவது கட்டி சுருங்கி, அந்த இடத்தில் எலும்பு நிரம்பிவிட்டது.

முகத்தாடை அறுவை மருத்துவர்:

அது பிரவுன் ட்யூமர்; பாராதைராய்டு ஹார்மோன் அளவுக்கு மீறிச் சுரந்து எலும்பைக் கரைப்பதால் வருவது. மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் ஜெயன்ட் செல் கட்டியிலிருந்து பிரித்துச் சொல்ல முடியாது. அதனால் ரிப்போர்ட்டில் ஜெயன்ட் செல் என்று இருந்தால், தாடையைத் தொடும் முன்பே இந்த ரத்தப் பரிசோதனைகளைப் பார்த்துவிட வேண்டும். அக்காவுக்கு இப்போது சரியாக இருந்தாலும் கால்சியத்தை வருடம் ஒருமுறை பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.