செய்திக்கு முன்னாடியே ஏறின தேஜஸ் நெட்வொர்க்ஸ்: உங்களுக்கும் நடந்திருக்கா?

நெல்லைவாசி
தேஜஸ், தொலைத்தொடர்புக் கருவி செய்யிற கம்பெனி. 2017ல் முதல்முறையா பங்கு வெளியிட்டப்போ (ஐபிஓ) 257 ரூபாய்க்கு கிடைச்சது. 2020 மார்ச்சில் நூறுக்கு ரொம்பக் கீழ போயும் விற்கலை. 2021 ஜூலையில் காரணமே இல்லாம ஏறுது, வால்யூமும், அதாவது கைமாறுற பங்கு எண்ணிக்கையும், கூடுது. எனக்கு பயம். யாரோ ஏத்திவிட்டு இறக்கப் போறாங்கன்னு இருநூத்திச் சொச்சத்துக்கு மொத்தமா தள்ளிட்டேன்.

ஜூலை 29, டாடா குழுமம் தேஜஸை வாங்குதுன்னு அறிவிப்பு. பொண்ணுக்கு ஃபீஸ் கட்ட வரிசையில் நிக்கிறேன், போனில் டாடா ஒரு பங்குக்குக் கொடுக்கிற விலை: 258. நான் வாங்கினதைவிட ஒரு ரூபாய் அதிகம். நாலு வருஷம் பொறுத்தவனுக்கு நாலு நாள் பொறுக்க முடியலை. அப்புறம் வரிசையா அப்பர் சர்க்யூட், ஒரு நாளில் எவ்வளவு ஏற விடுவாங்களோ அந்த உச்சம். யாருக்கோ முன்னாடியே தெரிஞ்சிருக்கணும்னு இன்னிக்கும் மனசு சொல்லுது.

ஃபைபர்தம்பி
அண்ணே, அதை ஒத்துக்க மாட்டேன். அந்த பிப்ரவரியிலயே தொலைத்தொடர்புக் கருவிகளுக்கு 12,195 கோடி ஊக்கத்தொகைத் திட்டம் வந்தாச்சு. ஜூன் 15லிருந்து நம்பகமான நிறுவனத்துக் கருவியைத்தான் புதுசா மாட்டணும்னு விதி. உள்நாட்டில் ஓஎல்டி (வீடுகளுக்குப் போற ஃபைபரை எக்ஸ்சேஞ்சில் இணைக்கிற கருவி) செய்யிற கம்பெனி ஏறாம என்ன செய்யும்?

என் கதை வேற. ஃபைபர் இழுக்கிற வேலை எனக்கு. 2023 ஆகஸ்டில் பிஎஸ்என்எல் 4ஜிக்காக டிசிஎஸ்கிட்ட இருந்து தேஜஸுக்கு 7,492 கோடி ஆர்டர்னு வந்ததும் வாங்கினேன். 2024ல் 1,400 தாண்டுச்சு. விற்கலை. 2025ல் அதில் பாதிகூட இல்லை.

ஈரோட்டுக்காரர்
நானும் ஒருதடவை மாட்டினேன், அதை விடுங்க. ரெண்டு பேருக்கும் சொல்றேன். வால்யூம் மட்டும் பார்க்காதீங்க, டெலிவரி, அதாவது அன்னிக்கே விக்காம கணக்கில் வாங்கி வச்சுக்கிட்ட பங்கு, எத்தனை சதவீதம்னு பாருங்க. அது கம்மியா இருந்தா அன்னிக்கே வாங்கி அன்னிக்கே விக்கிற கூட்டம். கம்பெனியோட மொத்தப் பங்கில் 0.5 சதவீதத்துக்கு மேல ஒருத்தர் ஒரே நாளில் கைமாத்தினா பல்க் டீல் பட்டியலில் பேர் வந்துடும், சாயங்காலம் பாருங்க. காலாண்டு முடிஞ்சதும் கம்பெனிக்கு உள்ள இருக்கறவங்களுக்கு வர்த்தக ஜன்னல் மூடிடும், அந்தப் பங்கை அவங்க வாங்கவோ விக்கவோ கூடாது, ரிசல்ட் வந்து 48 மணி நேரம் கழிச்சுதான் திறக்கும். விலை ஏன் ஏறுதுன்னு பங்குச் சந்தை விளக்கம் கேட்டா, கம்பெனி கொடுத்த பதிலை முழுசாப் படிங்க. பாதி வித்து பாதி வச்சுக்கிறது எப்பவும் நல்லது.

கடலூர்நிலா
சார், இதெல்லாம் பெரிய கம்பெனிக்கு. நான் வாங்கினது ரௌட்டர் விக்கிற ஒரு சின்னக் கம்பெனி, பேர் வேண்டாம். டெலிகிராம் டிப்ஸ். ஏழு நாள் அப்பர் சர்க்யூட். எட்டாவது நாள் காலையில் திரையைத் திறந்தா விக்கிற பக்கம் லட்சக்கணக்கில், வாங்குற பக்கம் பூஜ்யம். என் 400 பங்கு அந்த வரிசையில் எங்கயோ. பதினோரு நாள் தினமும் 9 மணிக்கு ஆர்டர் போட்டேன். பக்கத்தில் வீட்டுக்காரர் டிபன் சாப்பிடுவார், அவர்கிட்ட சொல்லவே இல்லை.

நெல்லைவாசி
@ஈரோட்டுக்காரர் பாதி வச்சிருக்கலாம்தான். @கடலூர்நிலா அம்மா, கடைசியில் விற்றதா இல்லையா?

கடலூர்நிலா
பன்னிரண்டாவது நாள். 400ல் 60.