புது நாடக வகுப்பு, முதல் நாள் பெயர் விளையாட்டு: உங்கள் அனுபவம் எப்படி?

புது பேட்ச் வரும்போது எல்லோரையும் வட்டமாக உட்காரவைத்து, வரிசையாகப் பேர் சொல்லச் சொல்வதை நான் எப்போதோ நிறுத்திவிட்டேன். முறை நெருங்க நெருங்க அவரவருக்கு ‘நான் என்ன சொல்வது’ என்ற யோசனைதான். பக்கத்தில் இருப்பவர் சொன்ன பேர் காதில் விழும், மனதில் நிற்காது. மால்கம் பிரென்னர் என்ற ஆய்வாளர் 1973இல் இதைச் சோதித்தே காட்டியிருக்கிறார்: தன் முறைக்குச் சற்று முன் பேசப்பட்டது சரியாக நினைவில் தங்குவதில்லை.

அதனால் என் வகுப்பில் முதலில் பேரும் அசைவும். எல்லோரும் நிற்க வேண்டும். ஒருவர் தன் பேரைச் சொல்லி, தோன்றியபடி ஓர் அசைவு செய்வார். உடனே மொத்த வட்டமும் அதே பேரை, அதே குரலில், அதே அசைவோடு திருப்பிச் செய்யும். ஒரே நிபந்தனை, கூட்டிச் செய்யக் கூடாது, கேலியாக்கவும் கூடாது. போன பேட்சில் ஒரு பெண் பேரை முணுமுணுத்துவிட்டு, வலது தோளை மட்டும் லேசாகத் தூக்கி இறக்கினார். அவ்வளவுதான். எல்லோரும் அதேபோல முணுமுணுத்து, அதே தோளைத் தூக்கினார்கள். அவர் நிமிர்ந்து வட்டத்தை ஒருமுறை பார்த்தார். அடுத்த சுற்றில் குரல் தானாக ஏறியது. ‘சத்தமா சொல்லும்மா’ என்று யாரும் கேட்கவே இல்லை.

இன்னொன்று, பேரின் உச்சரிப்பு உரியவர் வாயிலிருந்தே வருகிறது. வருகைப் பதிவேட்டைப் பார்த்து நாம் தப்பாகக் கூப்பிட்டால், பலர் கூச்சத்தில் திருத்தவே மாட்டார்கள்.

அப்புறம் இடம் மாறும் ஆட்டம். எதிரே நிற்கும் ஒருவர் பேரைச் சொல்லி அவரை நோக்கி நடக்க வேண்டும். நாம் போய்ச் சேர்வதற்குள் அவர் வேறொருவர் பேரைச் சொல்லி நகர்ந்தாக வேண்டும். பேர் வரவில்லையா, கையைத் தூக்கினால் யாராவது எடுத்துக்கொடுக்கலாம். அவுட் எல்லாம் கிடையாது. கூப்பிடக் கூப்பிடத்தான் பேர் ஒட்டுகிறது.

முன்னால் சொன்ன எல்லாப் பேரையும் கோத்துச் சொல்லும் சங்கிலி ஆட்டம் எனக்குப் பிடிக்காது. கடைசியில் நிற்பவருக்கு அது பரீட்சை.

* * *

சங்கிலி ஆட்டத்தில் கடைசி ஆளாக நானே நின்றுகொள்வேன் சார். வகுப்பு எடுப்பவரே பேருக்குத் தேடுவதைப் பார்த்ததும் புதியவர்களுக்கு இறுக்கம் விட்டுப்போகிறது.

* * *

திக்கிப் பேசுகிறவர்களையும் மனதில் வையுங்கள். அவர்களில் பலருக்குச் சொந்தப் பேரைச் சொல்வதுதான் பெரிய கஷ்டம், வேறு வார்த்தை போட்டுச் சமாளிக்க முடியாதே. ஒரு தம்பி வகுப்புக்கு முன்பே என்னிடம் வந்து இதைச் சொன்னார். பலர் சேர்ந்து ஒரே குரலில் பேசும்போது திக்கல் நன்றாகக் குறையும். அதனால் எல்லோரும் பேரைப் பலகையில் எழுதிவிட்டு, அசைவை மட்டும் தனியாகச் செய்தார்கள். பேரை மொத்த வட்டமும் அவரோடு சேர்ந்தே சொன்னது. அவருக்கு மட்டும் என்று தனி விதி வைக்கவில்லை. இரண்டாவது சுற்றிலிருந்து தனியாகச் சொல்வது அவரவர் விருப்பம்.