சென்னையிலிருந்து ரொறன்ரோவுக்குச் சேலைப் பார்சல்: வாசலில் எவ்வளவு கட்ட வேண்டி வரும்?

மல்லிகைப்பந்தல்:

எல்லோருக்கும் வணக்கம். சென்னைக் கடையொன்றில் ஆன்லைனில் உடுப்பு எடுக்க யோசிக்கிறேன். மூன்று சேலை, தைத்த சுடிதார் செட் இரண்டு. கனடா டாலரில் சேலைக்கு 180, சுடிதாருக்கு 120, மொத்தம் 300. அனுப்பும் செலவு 70. தபாலா, கூரியரா என்பதை நீங்களே சொல்லுங்கள் என்கிறார்கள். "கிஃப்ட் என்று போட்டு 25 டாலர் எழுதிவிடுகிறோம், வரி வராது" என்றும் சொல்கிறார்கள். இன்னொரு பக்கம், 40 டாலர் வரை எச்எஸ்டி (விற்பனை வரி) இல்லை, 150 வரை சுங்கமும் இல்லை என்று முகநூலில் ஓடுகிறது. இதில் எது சரி? நான் இருப்பது ஒன்ராறியோவில். கடைசியில் கையை விட்டு எவ்வளவு போகும்?

கணக்குப்பிள்ளை:

அந்த 40, 150 கணக்கு உங்களுக்குப் பொருந்தாது. அமெரிக்காவிலிருந்தோ மெக்சிகோவிலிருந்தோ கூரியரில் வருவதற்கு மட்டும்தான் அது. அங்கிருந்தே தபாலில் வந்தால்கூடக் கிடைக்காது. இந்தியாவிலிருந்து வருவதற்குப் பழைய 20 டாலர் வரம்புதான். 20ஐத் தாண்டினால், தாண்டிய பகுதிக்கு மட்டுமல்ல, முழு மதிப்புக்கும் வரி.

உங்கள் 300 டாலருக்கு வருவோம். தைத்த உடுப்புக்குக் கனடாவில் சுங்கம் பெரும்பாலும் 17 அல்லது 18%. இந்தியாவுக்கு இருந்த சலுகை விகிதத்தைக் கனடா 2015 தொடக்கத்தோடு எடுத்துவிட்டது, அதனால் பொது விகிதம்தான். சுங்கத்தைச் சேர்த்த தொகையின் மேல் 13% எச்எஸ்டி. ஐந்து உருப்படியையும் தைத்த உடுப்பாக எடுத்துக்கொண்டால்:

சுங்கம் 300க்கு 18% = 54.00
எச்எஸ்டி 354க்கு 13% = 46.02
தபால் என்றால் கனடா போஸ்டின் கையாளும் கட்டணம் 9.95
மொத்தம் 109.97

இதில் 70 டாலர் அனுப்பும் செலவு எங்கே என்று கேட்பீர்கள். பிரிட்டனும் ஐரோப்பிய ஒன்றியமும் அதையும் சேர்த்துத்தான் சுங்க மதிப்பைப் போடும். கனடா அப்படியில்லை, பொருளின் விலைக்கு மட்டும். ஆனால் பில்லில் அனுப்பும் செலவைத் தனியாகப் பிரித்து எழுதியிருக்க வேண்டும். "ஷிப்பிங் இலவசம்" என்று சொல்லி 370 என ஒரே தொகையாக எழுதினால் 370க்கும் வரி விழும். சுங்கமும் எச்எஸ்டியும் 100.02க்குப் பதில் 123.36 ஆகும். அதைப் பிரித்து எழுதாததற்கு 23 டாலர் தண்டம்.

அடுத்தது சேலை. தைக்காத சேலையை இந்தியச் சுங்க அட்டவணை உடையாகப் பார்ப்பதில்லை, பட்டுத்துணி, பருத்தித்துணி என்ற தலைப்புகளின் கீழ்தான் வைத்திருக்கிறது. கனேடிய அட்டவணையில் துணி வகைகள் பலவற்றுக்குச் சுங்கம் பூச்சியம். ஆகவே சேலையைத் துணியாக எடுத்துக்கொண்டால் சுடிதார் 120க்கு மட்டும் 21.60 சுங்கம், 321.60க்கு எச்எஸ்டி 41.81, கையாளும் கட்டணம் 9.95. மொத்தம் 73.36. முடிவு சுங்க அதிகாரி கையில்தான். ஆனால் சுங்கப் படிவத்தில் ஐந்துக்கும் சேர்த்து "லேடீஸ் டிரஸ்" என்று எழுதிய பார்சலில் அவருக்கு யோசிக்கவே ஒன்றும் இருக்காது, 18%தான்.

எல்லாத் தபால் பார்சலுக்கும் வரி போடுவார்கள் என்றில்லை, சில அப்படியே வீட்டுக்கு வந்துவிடும். அதை நம்பிப் பட்ஜெட் போடாதீர்கள். கடன் அட்டையில் வெளிநாட்டுப் பணத்துக்கு 2.5% எடுக்கும் வங்கிகள்தான் இங்கே அதிகம், அதையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

பாரிமுனை_ஏற்றுமதி:

கடைக்காரர் ஏன் "கிஃப்ட்" என்கிறார் என்பதை இந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன். இந்தியாவிலிருந்து வணிகமாக ஏற்றுமதி செய்ய ஐஇசி என்ற ஏற்றுமதி இறக்குமதிக் குறியீட்டு எண் வேண்டும். பரிசாக அனுப்பினால் அது தேவையில்லை. ஐஇசி எடுக்காத சின்னக் கடைகளுக்கு அதுதான் குறுக்குவழி. உங்கள் வரியை மிச்சப்படுத்தத்தான் சொல்கிறார் என்று நினைக்காதீர்கள், அவர் வேலையும் அதில் மிச்சம்.

அதனால் முதல் கேள்வியாக "ஐஇசி இருக்கிறதா?" என்று கேளுங்கள். இருந்தால் இரண்டாவது கேள்வி ஜிஎஸ்டி. ஏற்றுமதிக்கு ஜிஎஸ்டி பூச்சியம். தளத்தில் போட்டிருக்கும் விலை உள்ளூர் விலை, வரியோடு சேர்ந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் தைத்த உடை ஒன்று 2,500 ரூபாய்க்குள் என்றால் 5%, மேலே போனால் 18%. உங்கள் சுடிதார் செட் எப்படியும் 2,500ஐத் தாண்டும். 18% உள்ளடங்கிய விலையில் நூற்றுக்குப் பதினைந்து ரூபாய் வரிதான். எல்யுடி (வரி கட்டாமல் ஏற்றுமதி செய்யக் கொடுக்கும் உறுதிமொழிக் கடிதம்) போட்டு அனுப்பும் கடைக்காரர் அதைக் கழித்துத் தர முடியும். கேட்டால்தான் கழிப்பார்கள், தானாக யாரும் கழிக்க மாட்டார்கள்.

தபால் வழியாக முறைப்படி அனுப்பத் தபால் நிலையங்களிலேயே டாக் கர் நிர்யாத் கேந்திரா என்ற ஏற்றுமதி மையங்களைத் திறந்திருக்கிறார்கள். தபால் ஏற்றுமதி பில்லை அங்கேயே ஆன்லைனில் போடலாம். கடைக்காரருக்குத் தெரியாவிட்டால் சொல்லிக் கொடுங்கள்.

சுங்கப் படிவம் சிஎன்22 ஆனாலும் சிஎன்23 ஆனாலும் இப்படி எழுதச் சொல்லுங்கள்: "பெண்களுக்கான பருத்தி சல்வார் செட், நெய்த துணி, தைத்தது, 2, ஒன்று 60 டாலர்" என்று ஒரு வரி. "பட்டுச் சேலை, தைக்காதது, 3, ஒன்று 60 டாலர்" என்று இன்னொரு வரி. ஆங்கிலத்தில்தான், நான் சாரத்தைச் சொன்னேன். ஃபால்ஸ் தைத்து, ரவிக்கையும் தைத்து அனுப்பாதீர்கள். துணி என்ற வாதம் அங்கேயே பலவீனமாகிவிடும், ரவிக்கை தனியாக உடை விகிதத்துக்குப் போகும்.

டிக்சிரோட்:

கிஃப்ட் விஷயத்தை முடித்துவிடுகிறேன். கனடாவில் 60 டாலர் வரை பரிசுக்கு வரி கிடையாது, உண்மைதான். ஆனால் வெளிநாட்டில் இருக்கும் ஒரு ஆள் இங்கே இருக்கும் ஆளுக்கு அனுப்ப வேண்டும், உள்ளே பரிசு என்று காட்டும் அட்டையோ குறிப்போ இருக்க வேண்டும். நீங்கள் காசு கொடுத்து வாங்கியது பரிசு ஆகாது. ஊரில் உள்ள அத்தை தன் காசில் வாங்கி அனுப்பினால் ஆகும். அதுவும் 60க்கு மேல் போனால் மேலே உள்ள தொகைக்கு வரி. 25 டாலர் என்று எழுதி உள்ளே மூன்று பட்டுச் சேலை இருந்தால் கனடா சுங்கத்துறையான சிபிஎஸ்ஏ தானே ஒரு மதிப்பைப் போடும். பார்சல் தொலைந்தால் இழப்பீடும் அந்த 25க்குத்தான்.

தபாலா கூரியரா? இந்த அளவுக்கு என்னுடைய ஓட்டு தபாலுக்கு. 9.95 என்று கட்டணம் முன்கூட்டியே தெரியும், வரி விழுந்தால் மட்டும்தான் அதுவும். ஆனால் பார்சல் ஒன்றுக்கு 9.95. "மூன்றாகப் பிரித்து அனுப்புங்கள்" என்ற யோசனையைக் கேட்டால் 29.85 ஆகிவிடும், ஒவ்வொன்றும் 20ஐத் தாண்டுவதால் வரியும் குறையாது.

கூரியரில் சுங்கத்தைவிடத் தரகுக் கட்டணம்தான் கடிக்கும். அதுவும் ஒரே பெயரில் வராது: சுங்கத்திலிருந்து பார்சலை விடுவிக்கும் கிளியரன்ஸ் கட்டணம், உங்களுக்காக வரியை முன்கட்டியதற்கு ஒரு கட்டணம், வாசலில் வசூலிக்க இன்னொன்று. சில எக்ஸ்பிரஸ் சேவைகளில் கிளியரன்ஸ் உள்ளடக்கம், முன்கட்டிய கட்டணம் மட்டும் வரும். வாங்கும் முன் கூரியரின் கனேடியக் கட்டணப் பட்டியலைத் திறந்து பாருங்கள். "எல்லாம் கட்டியாயிற்று" என்று கடைக்காரர் சொன்னால் டிடிபி (வரி கட்டி ஒப்படைப்பது) என்று பில்லில் எழுதி வாங்குங்கள், வாய்ப்பேச்சு வாசலில் செல்லாது.

தரகு வேண்டாம் என்றால் நீங்களே கிளியர் செய்யலாம். பார்சல் கிளியர் ஆகும் முன்னரே கூரியருக்குச் சொல்லி, சரக்குக் கட்டுப்பாட்டு எண்ணையும் பில்லையும் வாங்கி, சிபிஎஸ்ஏ அலுவலகத்துக்குப் போய் வரியைக் கட்டி, ரசீதைக் கூரியருக்கு அனுப்ப வேண்டும். கூரியர் ஏற்கெனவே சுங்கத்தில் கணக்குக் காட்டிவிட்டால் வழி அடைபட்டுவிடும். 100 டாலர் வரிக்கு அரை நாள் லீவு போடுவது கட்டுப்படியாகுமா என்பது உங்கள் கணக்கு.

மல்லிகைப்பந்தல்:

மிக்க நன்றி. கடைக்காரருக்கு ஐஇசி இருக்கிறதாம், ஜிஎஸ்டியும் கழிப்பாராம். இரண்டு சின்னக் கேள்வி. 40×30×20 பெட்டியில் கூரியரில் போட்டால் எடை 2 கிலோதானே, ஏன் 5 கிலோவுக்கு விலை சொல்கிறார்? சேலைக்கும் 18% போட்டுவிட்டால் என்ன செய்வது?

டிக்சிரோட்:

பெட்டிக் கணக்கு அது. நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5,000ஆல் வகுப்பார்கள். 24,000ஐ வகுத்தால் 4.8, அதை 5 ஆக்கிவிடுகிறார்கள். காற்றுக்குக் காசு. துணிக்குப் பெட்டியே வேண்டாம், தடித்த பாலிதீன் உறையில் 35×28×8க்கு அமுக்கினால் 1.57தான் வரும், அப்போது 2 கிலோவுக்கே விலை.

கணக்குப்பிள்ளை:

பார்சலோடு வரும் இ14 என்ற சுங்கப் படிவத்தை எடுத்து வையுங்கள். எந்த விகிதத்தில் போட்டார்கள் என்பது அதில் இருக்கும். காசைக் கட்டிப் பார்சலை எடுத்துக்கொண்டு, பி2ஜி என்ற திருத்தக் கோரிக்கைப் படிவத்தோடு இ14 நகல், பில், சேலையின் படம் ஆகியவற்றை சிபிஎஸ்ஏவுக்கு அனுப்புங்கள். 90 நாளுக்குள். கனடா போஸ்டிடம் சண்டை போட்டுப் பயனில்லை, அவர்கள் வசூல் மட்டும்தான். சுடிதார் அளவு சரியில்லை என்று சென்னைக்கே திருப்பி அனுப்பினாலும் கட்டிய வரியை இதே படிவத்தில் கேட்கலாம், திருப்பி அனுப்பிய ரசீதும் கடைக்காரர் பணம் திருப்பித் தந்ததற்கான சான்றும் வேண்டும். 9.95 திரும்பி வரும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

பார்சல் வழியில் இருக்கும்போது "சுங்கக் கட்டணம் 2.99 நிலுவை, இந்த லிங்கில் கட்டுங்கள்" என்று குறுஞ்செய்தி வந்தால் அழித்துவிடுங்கள். டிராக்கிங் எண்ணைக் கனடா போஸ்ட் தளத்தில் நீங்களே தட்டிப் பாருங்கள், கட்ட வேண்டியது இருந்தால் அங்கே காட்டும்.