எல்சிடியில் பழைய எண் அழியமாட்டேங்குது

கேள்வி: அர்டுயினோ உனோ (சின்ன கன்ட்ரோலர் போர்டு), எல்எம்35 (சூடு அளக்கிற சென்சார்), 16×2 எல்சிடி (வரிக்கு 16 எழுத்து, ரெண்டு வரித் திரை). ஹீட்டர் பிளேட் சூடு 100-லிருந்து 99-க்கு இறங்கினா திரையில 990-னு நிக்குது! லூப்புல (திரும்பத் திரும்ப ஓடுற புரோகிராம் பகுதி) கிளியர், அதாவது திரையை அழிக்கிற கட்டளை, போட்டா எழுத்து மினுக்குது. டிகிரி குறிக்குப் பதிலா வேற ஏதோ வருது.

பதில்: லூப்புக்குள்ள கிளியர் வேண்டவே வேண்டாங்க. ஒவ்வொரு சுற்றும் திரை காலியாகித் திரும்ப எழுதுறதாலதான் மினுக்கல். அந்தக் கட்டளைக்கே சுமார் 1.5 மில்லிசெகண்ட் பிடிக்கும். கர்சரை அதே இடத்துக்குக் கொண்டுபோய் எண்ணை எழுதுங்க, பின்னாலயே ரெண்டு ஸ்பேஸ். ஒட்டிக்கிட்டிருக்கிற சைபர் போயிடும். அரை செகண்டுக்கு ஒரு தடவை எழுதினா தாராளம், சூடு என்ன ஓடியா போகுது?

இன்னொரு பதில்: டிகிரி குறிக்கு ரைட் (write) கட்டளையில அதோட எழுத்து எண் 223 கொடுங்க. எல்சிடியில ஜப்பானிய எழுத்து உள்ள சிப்புன்னா வரும். வரலைன்னா நீங்களே ஒரு குறி வரைஞ்சுக்கலாம், 8 குறிக்கு இடமிருக்கு.

கேட்டவர்: ஸ்பேஸ் போட்டதும் சரியாயிடுச்சு. 223-ம் வந்துடுச்சு. நன்றிங்க.