செப்புத்தகட்டு ஓவியம் அச்சிட ஆள் தேடுகிறேன்

வணக்கம். சிங்கப்பூர் தேக்கா சந்தை மீன் கடைகளைச் செப்புத்தகட்டில் எட்சிங் முறையில் (கோடுகளை அமிலத்தால் அரித்துப் பள்ளமாக்கும் முறை) வரைந்து வருகிறேன். வரைந்துவிடலாம், அச்செடுப்பது தனிக் கலை. மை தடவித் துணியால் துடைக்கும்போது அழுத்தம் கொஞ்சம் கூடினாலும் மெல்லிய கோடுகளில் தங்கிய மை வந்துவிடுகிறது; மீன் செதில்கள் வெளிறிப்போகின்றன. காகிதம் எவ்வளவு ஈரமாக இருக்க வேண்டும், உருளையை எவ்வளவு இறுக்க வேண்டும் என்பதெல்லாம் கை பழகியவர்களுக்குத்தான் பிடிபடும்.

ராபர்ட்சன் கீயில் உள்ள எஸ்டிபிஐ (STPI) என்ற அச்சுக்கலைக் கூடம், அமெரிக்க மாஸ்டர் பிரிண்டர் கென்னத் டைலரின் துணையோடு 2002இல் தொடங்கியது. அங்கே ஓவியர்களும் அச்சுக் கலைஞர்களும் சேர்ந்து செய்த படைப்புகளைப் பார்த்ததிலிருந்து எனக்கும் அப்படி ஒரு கூட்டாளி வேண்டும் என்று தோன்றுகிறது. சொன்னதை மட்டும் அச்சிட்டுத் தருபவர் வேண்டாம். "இந்த இடத்தில் நிழல் போதாது" என்று சொல்கிறவர் வேண்டும்.

சிங்கப்பூரில் தனி ஓவியர்களோடு வேலை செய்பவர் யாரையாவது தெரியுமா? 20 பிரதிகள் போதும். அப்புறம், கூலி நாள் கணக்கிலா, பிரதிக் கணக்கிலா? அச்சிடுபவருக்கென்று ஒரு பிரதி ஒதுக்குவது வழக்கம். அதோடு ஒவ்வொரு தாளின் ஓரத்திலும் அவருடைய முத்திரையும் இருக்க வேண்டும் என்பது என் விருப்பம். அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.